மொட்டைக்கோட்டையை அத்தா கட்டி முடித்தார்

பேரிகை,
15-3-1993.

என் பிரியமுள்ள வீரலட்சுமிக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். முக்கியமாக உன் அப்பாவிடம். நீங்கள் பேரிகையில் இருந்தபோது குடியிருந்தது காண்டிராக்டர் முனிராஜ் வீட்டில்தானே. கிரானைட் கம்பெனியை மூடிய பிறகு நீங்கள் கோவில்பட்டிக்கே திரும்பிப் போய்விட்டீர்கள். ஆனாலும் உன் அப்பா இன்னமும் பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு வாழ்த்து அனுப்புகிறாராம். உன் அப்பா யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் "மெஹபூப் பாஷா பொண்ணு எங்க பிள்ளைக்கு எல்லாத்தையும் எழுதியிருக்கு" என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், எங்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிடும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று எழுதியிருந்தால் அது முழுப் பொய். இன்று பாதிக்கு மேல் உண்மை. அதனால்தான் எழுதவே கை வருகிறது.

அம்மா தூங்குகிறார். விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சமைக்க வேண்டும் என்பதால் நோன்பு மாதத்தில் சீக்கிரமே படுத்துவிடுவார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தை விரித்து, அதற்கு நடுவில் இந்தத் தாளை வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால் பக்கத்தைத் திருப்புகிறேன்.

வீரா, அத்தா வீட்டில் இல்லை. நோன்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே போய்விட்டார். போலீஸ் அவரைத் தேடுகிறது. எங்கே இருக்கிறார் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மாஸ்தியில், அவருடைய அக்கா ஷரீஃபுன்னிசா மாமி வீட்டில். நம் ஊரிலிருந்து வடக்கே நடந்தால் கர்நாடகா வந்துவிடுகிறதே, அந்த ஊர்தான். நம்மூர் போலீஸ் அங்கே போய்ப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஊர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதற்குள் ஒரு நாள் போய்விடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நீ பயப்படாதே. அத்தா யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். மொட்டைக்கோட்டையைக் கட்டி முடித்துவிட்டார்.

சிரிக்கிறாயா? இன்று மாலை நானும் சிரித்தேன். ஆனால் முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

மொட்டைக்கோட்டை உனக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்பில் வகுப்பே நடந்துபோய்ப் புளிசாதம் சாப்பிட்டதே, அந்தக் கோட்டை. மூன்று பக்கம் மதில் உயரமாக நிற்கும். வடக்குப் பக்கம் மட்டும் நம் இடுப்பு உயரத்தோடு நின்றுபோயிருக்கும். வைப்பதற்குத் தயாராகச் செதுக்கிய கல் எல்லாம் உள்ளே புல்லில் கிடக்கும். நீ ஒன்றின் மேல் ஏறி நின்று ராணி மாதிரி கையை ஆட்டினாய். ஏன் பாதியில் விட்டார்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். பூதம் ஒரே ராத்திரியில் கட்டியது, கோழி கூவியதும் போட்டுவிட்டு ஓடிவிட்டது என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் அக்கா சொன்னார். ராஜாவிடம் காசு தீர்ந்துவிட்டது என்று கன்னட டீச்சர் சொன்னார்.

நீங்கள் போன பிறகு அந்தக் கோட்டையை மியூசியம் ஆக்கப் போகிறோம் என்று அரசாங்கத்திலிருந்து வந்தார்கள். உள்ளே முழுதாக நிற்கும் ஒரே கட்டடம் தானியக் கிடங்குதான். அதற்கு ஓடு போட்டு, தரை சரிசெய்து, சுற்று வட்டாரத்து வயல்களில் கிடக்கும் நடுகற்களைக் கொண்டுவந்து வைப்பார்களாம். சென்னையிலிருந்து ருக்மணி மேடம் என்று ஒரு அதிகாரி வந்தார். முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார், தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பார். போன வருடம் அவரும் அவருடைய ஆட்களும் புல்லில் கிடந்த ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

கட்டட வேலையைக் காண்டிராக்ட் எடுத்தது முனிராஜ். கல் வேலைக்கு அத்தாவைக் கூப்பிட்டார். அன்று நான் அத்தாவுக்கு டீ கொண்டுபோயிருந்தேன், அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"மேஸ்திரி, தெறப்பு விழாவுக்கு கலெக்டரே தர்மபுரியிலிருந்து வர்றாரு. பாதியில வுட்ட மாதிரி எதுவும் கண்ணுல படக் கூடாது. எல்லாத்தயும் முடிச்சு வுட்டுடு" என்றார். சொல்லிவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்.

அத்தா கிடங்கை முடித்தார். வாசல் படியை முடித்தார். பிறகு வடக்கு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உனக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சூளகிரிப் பக்கம் ரோடு அகலப்படுத்தியபோது வழியில் இருந்த ஒரு பழைய மண்டபத்தைப் பிரித்துத் தள்ளி வைத்துக் கட்டினார்கள். அந்த வேலையில் அத்தா இருந்தார். பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போடுவார்கள். திரும்பக் கட்டும்போது அந்த நம்பர் வரிசையில் ஏற்றுவார்கள். கல் வேலை செய்கிறவர்களுக்குக் கல்லில் நம்பர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கேயோ முதல் நம்பர் போட்ட கல் மதிலின் மூலையை ஒட்டியே கிடந்தது.

"பாத்தியா அதியா, மேடம் எல்லாத்தயும் வரிசை போட்டு வெச்சுட்டுப் போயிருக்காங்க. ஏத்தி வெக்கறது ஒண்ணுதான் பாக்கி" என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. கல் எல்லாம் இங்கும் அங்குமாகப் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். அத்தா சாரத்தின் மேல் நின்றுகொண்டு "நாப்பத்தியேழு எங்க கீது பாரும்மா" என்பார். நான் முள்ளில் கால் கிழிய ஓடித் தேடி "இங்க அத்தா" என்று கத்துவேன். ஆட்கள் உருளைக் கட்டை வைத்து உருட்டி, சங்கிலி போட்டுத் தூக்குவார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

நடுவில் அத்தாவுக்கே சந்தேகம் வந்தது. பெரிய கல் மேலே வருகிறது, சின்னது அடியில் போகிறது, இரண்டு கல் சேருகிற இடத்துக்கு நேர் மேலேயே அடுத்த சேர்க்கையும் வந்து நிற்கிறது. இடுக்கில் சில்லுக் கல்லை அடித்து அடித்துத்தான் நிறுத்தினார். "இந்த நம்பர் போட்டவங்களுக்குக் கட்டடம்னா என்னான்னே தெரியாது" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே "படிச்சவங்க போட்டது. ஏதோ காரணம் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டார். நம்பர் வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அந்தப் பக்கத்தை எல்லாம் உள்ளே திருப்பி வைத்தார். பழைய சுவரில் சாந்து இல்லை, கல்லைக் கல் கடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் தானும் சாந்து போடவில்லை. கல்லில் இருந்த பாசியை மட்டும் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவினார்கள். மதில் புதிதாக எடுத்தது போலப் பளபளவென்று ஆகிவிட்டது.

கடைசி வரிசை வைத்த அன்று அத்தா வெல்லமும் பொட்டுக்கடலையும் வாங்கி வந்தார். எந்தக் கட்டடம் முடிந்தாலும் கொடுப்பதுதான். ஆனால் அன்று ஊரே வந்துவிட்டது. வெங்கடம்மாள் அக்கா மதிலைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "பூதத்தால ஆவாதத நம்ம பாஷா முடிச்சுட்டாரு, இனிமே குழந்தைங்களுக்கு சோறு ஊட்ட என்னா கதை சொல்றது" என்றார். முனிராஜும் வந்து பார்த்து அத்தாவின் தோளில் தட்டினார். "மதிலு ஜம்முனு நிக்குது மேஸ்திரி" என்றார். இதையும் நான் கேட்டேன்.

நோன்பு தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை ருக்மணி மேடம் ஜீப்பில் வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் அங்கே இருந்தேன். அத்தா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். மேடம் இறங்கி உள்ளே வந்தார். நடுமுற்றத்தைப் பார்த்தார். அங்கே ஒரு கல்கூட இல்லை. பிறகு வடக்கு மதிலைப் பார்த்தார். அப்படியே கிடங்குப் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். சிரித்தபடி "முடிச்சுட்டன் மேடம்" என்றார்.

"யார் உங்களைக் கட்டச் சொன்னது?" என்று மேடம் கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அத்தா முனிராஜைப் பார்த்தார். முனிராஜ் அத்தாவைப் பார்க்கவே இல்லை. "எனக்குத் தெரியாது மேடம். கிடங்க மட்டுந்தான் இவன்கிட்ட குடுத்தன். நான் ஊர்ல இல்லாத நேரமா பாத்து செஞ்சிருக்கான். பழைய கல்ல கிரஷருக்கு வித்துட்டு, குவாரிக் கல்ல வெச்சு கட்டியிருக்கான்னு நினைக்கறன். பாருங்க, எவ்ளோ புதுசா கீது" என்றார். அதுவரை மேஸ்திரி, மேஸ்திரி என்றவர் ஒரு நிமிடத்தில் அவன், இவன் என்று மாறிவிட்டார்.

அத்தா மதிலைக் கையால் காட்டினார். "நம்பரு... மேடம், நம்பரு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். நான் அத்தாவின் பின்னால் நின்றுவிட்டேன். மேடம் எழுந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே முனிராஜ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார். அரசாங்கக் கோட்டையை நாசம் செய்தது, கல்லைத் திருடி விற்றது என்று. இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அத்தா பள்ளிவாசலில் நோன்பு திறந்துகொண்டிருந்தார். வெங்கடம்மாள் அக்கா அவர்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "பாஷாவா? வேலூருக்கு வேலைக்குப் போயி நாலு நாளாச்சே சார்" என்று கூசாமல் சொன்னார். அவர்கள் திரும்பியதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி, பள்ளிவாசல் மதில் ஓரத்தில் நின்று அத்தாவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார். அத்தா கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கிருந்தே வடக்கே நடந்துவிட்டார். வீட்டுக்கு வரவே இல்லை. மாற்று உடைகூட எடுத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவுதான். நோன்பு திறக்கும்போது அம்மா அத்தாவின் கிண்ணத்திலும் கஞ்சி ஊற்றி வைப்பார், பிறகு ஞாபகம் வந்து அதை எடுத்துப்போய் வெங்கடம்மாள் அக்காவிடம் கொடுப்பார். வக்கீலைப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் வடக்கே மசூதியை இடித்த பிறகு அம்மா ரேடியோவில் செய்தி வந்தாலே அணைத்துவிடுகிறார். "இந்த நேரத்துல கோட்டையை ஒடச்சான்னு ஒரு பாயி பேரு பேப்பர்ல வந்தா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாது. வாய மூடிட்டு இரு. அந்தக் கோட்டைப் பக்கம் காலு வெச்ச, அவ்ளோதான்" என்று எனக்கும் கட்டளை போட்டார். நம் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை வீரா, யாரும் முகம் மாறவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அப்படி.

ஆனால் அத்தா எத்தனை நாள் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒளிந்திருப்பார்? பெருநாள் வருகிறது. முனீர் அகமது மாமா வளையல் விற்க மாஸ்தி சந்தைக்குப் போய் வருகிறவர், அவர்தான் ரகசியமாகச் சேதி கொண்டுவருவார். அத்தா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். யாரையும் பார்க்காமல் "நான் திருடலயே" என்று மட்டும் சொல்வாராம்.

அது கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

மேடம் மறுபடியும் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இன்று ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மொட்டைக்கோட்டைக்குப் போனேன். நோன்போடு பொய் சொன்னேன், அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வெளியே முனிராஜின் புல்லட் நின்றது. அது போகும் வரை புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். சத்தம் ரோட்டில் கரைந்த பிறகுதான் உள்ளே போனேன். மேடம் கிடங்கில் ஒரு நடுகல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதிலிருந்த மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கொத்தனாரு மெஹபூப் பாஷா பொண்ணு மேடம்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், போ என்று சொல்லவில்லை.

"கல்லு எல்லாமே சுவத்துலதான் மேடம் இருக்குது. ஒண்ணுகூட வெளிய போகல. நீங்க போட்ட நம்பர் உள்பக்கமா இருக்குது."

"என்ன நம்பர்?"

"வெள்ளைப் பெயின்ட்டுல போட்டீங்களே. அந்த வரிசையிலதான் அத்தா வெச்சாரு. நான்தான் தேடித் தேடிக் குடுத்தன்."

"வரிசையிலன்னா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்படி மேடம்."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு வெளியே வந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். கடப்பாரை போட்டு, மேல் வரிசையின் ஓரக் கல்லை நெம்பித் திருப்பினார்கள். அப்படியே வெள்ளையாக இருந்தது, இருநூற்றுப் பதினொன்று. அதற்கு முந்தின கல்லைத் திருப்பச் சொன்னார். இருநூற்றுப் பத்து. அதற்கும் முந்தினது இருநூற்று ஒன்பது.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. இல்லை வீரா, சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல உட்கார்ந்து அந்த நம்பரைப் போட்டது நான்தாம்மா. எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்ததுன்னு வரைபடத்தில் குறிக்கறதுக்காகப் போட்டேன். கட்டறதுக்கு இல்லை" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, "அத்தா அப்பவே சொன்னாரு மேடம், நம்பர் போட்டவங்களுக்குக் கட்டத் தெரியாதுன்னு. ஆனா படிச்சவங்க போட்டது, காரணம் இருக்கும்னு அப்படியே வெச்சுட்டாரு" என்று உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. மேடம் மறுபடியும் படியில் உட்கார்ந்தார், இந்த முறை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முனிராஜ் சொன்னது, தோளில் தட்டியது எல்லாவற்றையும் கேட்டார். சொன்னேன். அத்தாவுக்கும் மதிலை முடிக்க வேண்டும் என்று ஆசை இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். எல்லாப் பழியையும் முனிராஜ் மேல் போட்டுவிடலாம் என்று வழியில் யோசித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவர் பார்க்கிற பார்வைக்கு முன்னால் அது வரவில்லை.

"அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லலை" என்றார் மேடம். பிறகு எனக்குப் பாடம் எடுப்பது போல இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். இந்த இடம் முன்னொரு காலத்தில் ஒரு சின்ன பாளையக்காரரின் எல்லையாக இருந்ததாம். வடக்கேயிருந்து படை வரும் என்று பயந்து அவசரமாகக் கோட்டை எடுத்தார்களாம். மதில் இடுப்பளவு வருவதற்குள் நாடே கை மாறி, எல்லை வடக்கே வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. காவல் காக்க இங்கே எதுவும் இல்லை. அடுத்து வைக்க வேண்டிய கல்லைக் கையில் எடுத்திருந்தவன் அதைப் புல்லில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். "சண்டை வரலை, அதனால கோட்டை முடியலை. இங்கே பார்க்கறதுக்கு இருக்கறதே அதுதான். முடிச்சுட்டா ஊரில் இருக்கற நூறு கோட்டையில இதுவும் ஒண்ணு" என்றார்.

பூதமும் இல்லை, காசு தீரவும் இல்லை. பயம் தீர்ந்ததால் நின்றுபோன மதில். அதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மேடம் சொன்ன முடிவு இதுதான். அத்தாவே வந்து மதிலைப் பிரிக்க வேண்டும். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் அது கிடந்த இடத்தில் கிடந்த மாதிரியே போட வேண்டும். திறப்பு விழா தள்ளிப் போனால் போகட்டும், சென்னைக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வாராம். சாந்து போடாமல் வைத்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொல் என்றார். கழுவின பாசி மட்டும் திரும்ப வளர நாலு மழைக்காலம் ஆகுமாம். அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"உங்க அத்தா இப்போ எங்கே இருக்கார்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, நான் கேட்கலை. வரச் சொல்லு. ஸ்டேஷனுக்கு நானே போறேன்" என்றார்.

பெரியவர்கள் சொல்வதை இப்போது எப்படி நம்புவது? பஸ் நிலையத்தில் நின்று பார்த்தேன். ஜீப் வந்தது. ஸ்டேஷன் வாசலில்தான் நின்றது. மேடம் இறங்கி உள்ளே போனார். வெளியே வரும்போது கூடவே எழுத்தர் வந்து ஜீப் கதவைத் திறந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நேராகப் பள்ளிவாசல் கடைக்குப் போனேன். முனீர் மாமா வண்டியில் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், மாஸ்திக்குத்தான். காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். "சின்னப் பொண்ணு பேச்ச கேட்டு அண்ணன் வருவாரா?" என்று கேட்டார். "இருநூத்திப் பதினொண்ணு வெளிய வந்துச்சுன்னு சொல்லுங்க, வருவாரு" என்றேன். அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

நோன்பு திறந்தபோது மூன்று பேரீச்சம்பழம் சாப்பிட்டேன். அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், ஒருவேளை நான் ஏமாந்துபோயிருந்தால் என்று ஒரு எண்ணம் வந்து நிற்கிறது. ஸ்டேஷனில் ஒருவர் சரி என்றால் எல்லோரும் சரி என்றுதானா அர்த்தம்? இரவு ரோந்துக்கு வருகிற போலீஸ்காரருக்குச் சேதி போயிருக்குமா? அத்தா எல்லையைத் தாண்டி நடந்து வரும்போது வழியில் அவர்கள் நின்றால்? நான்தானே கூப்பிட்டேன். மனதிலிருந்து பெரிய கல் இறங்கிவிட்டது வீரா, இது ஒரு சின்னச் சில்லு. இடுக்கில் குத்திக்கொண்டே இருக்கிறது.

மற்றபடி ஊர் அப்படியே இருக்கிறது. மாம்பூ இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. வகுப்பில் உன் இடத்தில் யாரையும் உட்கார விடாமல் என் பையை வைத்திருந்தேன், கணக்கு சார் திட்டி எடுத்துவிட்டார். ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். அதில் என் போட்டோ போலீஸ்காரர் மனைவி மாதிரி இருக்கிறது. உனக்கு வந்துவிட்டதா? அங்கே கரிசல் மண்ணில் நடந்தால் செருப்பு ஒட்டிக்கொள்ளும் என்றாயே, மழை பெய்ததா?

கடைசியாக ஒரே ஒரு உதவி. நீங்கள் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவீர்கள் அல்லவா? எங்கள் அத்தாவுக்காகவும் கேட்டுக்கொள். நான் இங்கே ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் நீயும் கேட்டால் எனக்குத் தைரியமாக இருக்கும். பூசாரி பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்பார் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். அத்தாவுக்கு நட்சத்திரம் கிடையாது. பெயரைச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால், சொல்ல வேண்டாம். என் சிநேகிதியின் அப்பா, கல் கொத்தனார், வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல். அது போதும், அம்மன் புரிந்துகொள்ளும். முகம் தெரியாத ஊரில் ஒருவர் எனக்காக அப்படி

வீரா, கதவைத் தட்டுகிறார்கள். சஹருக்கு எழுப்ப வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. அம்மா எழுந்துவிட்டார். "யாரு?" என்று கேட்கிறார். வெளியிலிருந்து ஏதோ சொல்கிறார்கள், மெதுவாக, எனக்குக் கேட்கவில்லை. அம்மா இரண்டாம் தடவை கேட்காமலே தாழ்ப்பாளை